உப்புப் போடாத கொழுக்கட்டை

மகனுக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். உன் அம்மாவுக்கு முட்டி வலி, எனக்கு வாய் நீளம். இரண்டும் நீ பார்த்துவிட்டுப் போனபடியேதான் இருக்கின்றன. நீ நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. ஐயா ரொம்ப நலமாக இருக்கிறீர்கள் என்று உன் கடிதத்திலேயே தெரிகிறது. நலமாக இல்லாதவள் உன் பெண்டாட்டி தனம். அவளைப் பற்றியும் என்னைப் பற்றியும் இன்று எழுதப் போகிறேன். துறைமுகத்தில் எனக்கு இன்று லீவு, சரக்குத் தூக்கும் விஞ்சின் பக்கம் போக வேண்டியதில்லை. அதனால் கடிதம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் இன்லண்டு கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வழக்கம்போல உன் அம்மாவை எதிரே உட்காரவைத்து வாய்விட்டுப் படித்தேன். பம்பாயில் மழை, மில்லில் புது மேஸ்திரி, பக்கத்து அறைக்காரனின் கட்டில் மூட்டைப்பூச்சி எல்லாம் வந்து முடிந்தபிறகு விஷயத்துக்கு வந்தாய். தனத்துக்குக் கைப்பக்குவம் போதாது. நம் வீட்டு இறால் கொழுக்கட்டையை மூன்று தடவை செய்யச் சொல்லியும் அவளுக்கு வரவில்லை. சிநேகிதர்கள் சாப்பிட வந்த அன்று வாயில் வைக்க முடியாமல், தட்டைத் தள்ளிவிட்டு, எல்லோருமாக எழுந்து ஓட்டலுக்குப் போய்விட்டீர்கள். அதனால் அம்மாவை இரண்டு மாதம் அனுப்ப வேண்டும், வந்து கற்றுக்கொடுக்கட்டும். 'நம்ம வீட்டில் உப்பே போடுவதில்லை என்று தெளிவாகத்தான் சொன்னேன், அவளும் போடவில்லை, அப்படியும் சப்பென்று இருக்கிறது' என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் வேகமாகப் படித்துத் தாண்டினேன்.

கடிதத்தை ஒட்டித் தபாலில் போடும் வேலையை நீ தனத்திடம் கொடுத்திருக்கிறாய். ஒட்டுகிற மடிப்பின் உள்பக்கத்தில் பென்சிலால் குட்டிக் குட்டி எழுத்தில் மூன்று வரி இருந்தது. 'மாமா, அத்தையை அனுப்ப வேண்டாம், முட்டி வலியோடு அவ்வளவு தூரம் ரயிலில் வர வேண்டாம். நான் எங்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறேன். புளியந்தோப்பில் அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.' அவ்வளவுதான். உன்னைக் குறை சொல்லி ஒரு எழுத்து கிடையாது. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத பெண், அப்பன் வீட்டுக்குத் திரும்புகிறேன் என்று எழுதியிருக்கிறாள், அதிலும் மாமியாரின் முட்டியைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறாள். உன்னிடம் மறைக்கும்படி அவள் கேட்கவில்லை, ஆகவே நான் மறைக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு அவளிடம் போய், ஏன் எழுதினாய் என்று குரலை உயர்த்தினாயோ, நானே வண்டி ஏறி வந்து உன் மில் வாசலில் நின்று உன்னைத் திட்டுவேன். என் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்று உனக்குத் தெரியும், கப்பல் மேல்தட்டில் இருக்கிறவனுக்குக் கேட்கிற குரல்.

அந்த மூன்று வரியையும் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டாள். பிறகு, "அந்தப் பொண்ணு வரணும்னா வரட்டும். அப்பன் வூட்டுக்கு இன்னாத்துக்குப் போவணும்? நேரா இங்க வரட்டும், நான் கீறேன்" என்றாள். அதோடு விட்டிருந்தால் நானும் தப்பியிருப்பேன். எழுந்து போகப்போனவள் நின்று, என்னைப் பார்த்து, "உப்பு போட்றதில்லன்னு இவனுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நாலு நாளாக வரவில்லை. இப்போதுதான் வருகிறது.

டேய், நீ தின்று வளர்ந்த கொழுக்கட்டையில் உப்பு உண்டு. ஒவ்வொரு தடவையும் உண்டு. உன் அம்மா போட்டாள். இல்லை என்று உனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவன் நான்.

எங்கிருந்து ஆரம்பித்தது என்று சொல்கிறேன். நான் எண்ணூர் பக்கம் காத்திவாக்கத்துக்காரன் என்பது உனக்குத் தெரியும். அம்மா அப்பா போனபிறகு என்னை வளர்த்தவள் என் அக்கா, உன் அத்தை. அவள் செய்யும் இறால் கொழுக்கட்டைக்குக் குப்பத்தில் பெயர் உண்டு. பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி இடித்து, மாவை வறுத்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைப்பாள். உள்ளே வைக்க, உரித்த பொடி இறால், சின்ன வெங்காயம், தேங்காய்த் துருவல், நசுக்கின மிளகு. பெருவிரலை நடுவில் வைத்து மாவைச் சுற்றிச் சுற்றிக் கிண்ணம் போலச் செய்து, நிரப்பி, வாயைக் கூட்டி மூடுவாள். மூடின இடம் எது என்று தேடினாலும் தெரியாது. யாராவது நன்றாக இருக்கிறது என்றால் அவள் சொல்லும் ஒரே வார்த்தை, "நாங்க உப்பே போட்றதில்ல" என்பதுதான். அது உண்மை. அவள் உப்பு போட்டு நான் பார்த்ததே இல்லை. உப்பளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு உப்பில்லாமல் சமைக்கிற வீடு எங்கள் வீடுதான் என்று நான் தெருத்தெருவாகப் பெருமையடித்தேன். எப்படி வருகிறது அந்த ருசி என்று மட்டும் ஒரு நாளும் நான் யோசிக்கவில்லை. ஆண்பிள்ளைகள் கட்டுமரத்தில் போய்விட்டு வந்து தின்றோம், அடுப்பு எந்தப் பக்கம் எரிகிறது என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

பிறகு கடலை விட்டுத் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இராயபுரத்திலேயே பெண் எடுத்தேன், இராயபுரத்திலேயே குடித்தனம். கல்யாணமான நாலாம் மாதம், என்னோடு விஞ்ச் ஓட்டிய இரண்டு பேரை ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, உன் அம்மாவிடம் எங்கள் வீட்டுக் கொழுக்கட்டை செய்யச் சொன்னேன். வகையை எல்லாம் ஒப்பித்தேன். உப்பு கூடாது என்று அழுத்திச் சொன்னேன். அவளும் மீன்காரி வீட்டுப் பெண், இறாலைப் பற்றி எனக்குமேல் தெரியும். "உப்பு இல்லாம இன்னா கொழுக்கட்ட? மாவுலயாச்சும் ஒரு கல்லு போட்றேனே" என்றாள். "மாவுலயும் கூடாது. எங்க வூட்டு வழக்கம் உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்றேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயசு, உன் வயசு. உனக்கு இப்போது எவ்வளவு தெரியுமோ, அவ்வளவு எனக்கும் தெரியும்.

கொழுக்கட்டை வந்தது. பார்க்க அக்கா செய்ததைவிட அழகு. வாயில் வைத்தால் வெறும் மாவு. வந்தவர்களில் ஒருவன் என்னைப் பார்த்து, "இதுக்கா மாமு ஒரு வாரமா சவுண்டு வுட்டுகினு இருந்த?" என்று சிரித்தான். எனக்கு மானம் போய்விட்டது. நான் சொன்னபடிதான் செய்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் வாசலில் படுத்திருந்த நாய்க்கு முன்னால் வைத்தேன். "இது துன்னட்டும், இதுக்குத்தான் லாயக்கு" என்றேன். கதவோரத்தில் உன் அம்மா சொம்பும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். நாய் அவ்வளவையும் தின்றது. அன்றைக்கு அந்த வீட்டில் மரியாதையாக நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

அதன்பிறகு ஏழு வருஷம் நம் வீட்டில் கொழுக்கட்டை கிடையாது. பிள்ளையார் சதுர்த்திக்குக்கூட சுண்டலோடு முடித்துவிடுவாள். நானும் கேட்கவில்லை. அவளுக்கு வராத ஒன்றை நான் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அவள் சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, நேரத்துக்குச் சோறு வந்தது. ஆகவே எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிவு கட்டினேன். இதை நீ நன்றாகக் கேட்டுக்கொள். ஒரு பெண் பேசாமல் இருந்தால் மறந்துவிட்டாள் என்று நினைக்கிறவன் முட்டாள். அந்த முட்டாளோடு நான் ஏழு வருஷம் ஒரே சட்டைக்குள் இருந்தேன்.

சப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலி செய்த சமயம் உனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கும், உனக்கு ஆறு வயசு. குண்டு விழுந்தால் முதலில் துறைமுகத்தில்தான் விழும், அதற்கடுத்து நம் வீட்டில். வசதியானவர்கள் சேலம், கோயம்புத்தூர் என்று போனார்கள். உன்னையும் அம்மாவையும் நான் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டேன், வாரம் ஒருநாள் வந்து பார்த்தேன். அப்படி வந்த ஒருநாள்தான் உன் அத்தை கொழுக்கட்டை செய்தாள். உன் அம்மா அவளோடு, ஆறு கடலில் கலக்கிற கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையால் தடவித் தடவி இறால் பிடித்தாள். கரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் உரித்தார்கள். உரித்த இறாலை அத்தை கழித்தண்ணீரிலேயே அலசி, அதே தண்ணீரை ஒரு சட்டியில் மொண்டுவந்து, அதிலேயே வேகவைத்தாள். எனக்கு இது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. உன் அம்மா மட்டும் சட்டிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி, இது கரிக்குதே!" என்றாள்.

"கழித்தண்ணி கரிக்காம இனிக்குமா? குடிக்கிற தண்ணிக்கு ஒரு மைலு நடந்து போய் வந்துகினு கீறோம், அத்தப் போய் எறாலுக்கு ஊத்துவாங்களா?" என்றாள் அத்தை. மழையில்லாத மாதம், முகத்துவாரம் அடைத்துக்கொண்டு தண்ணீர் வற்றிக் கடலைவிட அதிகமாகக் கரிக்கிற காலம். அத்தை பொய் சொன்னதே இல்லை. அவள் உப்பு போடவில்லை, தண்ணீர் போட்டது. அந்தக் குப்பத்தில் யாருக்கும் அது உப்பாகவே தோன்றவில்லை. உன் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டவில்லை, சிரிக்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். நான் பீடி வாங்கிவருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது, உன் கையில் குறையில்லை என்று இரண்டு வார்த்தை. அது வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக நான் என்ன செய்தேன் தெரியுமா? நீங்கள் இராயபுரம் திரும்பிய அடுத்த வாரம், ஒரு மண்ணெண்ணெய் டின் நிறையக் கழித்தண்ணீரை மொண்டு, தோளில் வைத்து, எண்ணூரில் ரயிலேறினேன். மண்ணெண்ணெய்க்கு நாயாய் அலைகிற காலம் அது. பெட்டியில் இருந்த அத்தனை பேரும் டின்னையே பார்த்தார்கள். ஒரு பெரியவர், "எங்க நைனா கிடைச்சுது? அரை பாட்டிலாச்சும் குடுத்துட்டுப் போயேன்" என்று விடாமல் கெஞ்சினார். தண்ணீர் என்று சொன்னதை யாருமே நம்பவில்லை, மூடியைத் திறந்து எல்லோருக்கும் முகரக் கொடுத்தேன். வீட்டில் கொண்டுவந்து வைத்ததும் உன் அம்மா, "இது இன்னாத்துக்கு?" என்றாள். "எறாலு கழுவ" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயால் சொல்ல வக்கில்லாமல் பதினைந்து படி தண்ணீரைச் சுமந்து வந்திருக்கிறான் என்று புரிந்துவிட்டது. டின்னைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் இருந்த முருங்கைக் கன்றின் அடியில் கொட்டினாள். கன்று ஒரே வாரத்தில் பட்டுப்போனது.

இத்தனைக்கும் பிறகு அவள் மறுபடி கொழுக்கட்டை செய்தாள் என்றால் அது உனக்காக. அத்தை வீட்டில் தின்ற ருசி உன்னை விடவில்லை, தினமும் நச்சரித்தாய். ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது வீடெல்லாம் வாசனை. நீ தின்றுகொண்டிருந்தாய், தட்டில் இன்னும் நாலு இருந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தேன். அச்சு அசலாக அக்காவின் ருசி. அடுப்புமேடையில் உப்பு ஜாடி திறந்தே இருந்தது. அதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். அப்படியும் நான் உன் பக்கம் திரும்பி, "பாத்தியாடா, உப்பு போடாமலே எப்டி வந்திருக்கு! இதான் நம்ம வூட்டு வழக்கம்" என்றேன். உனக்கு முன்னால் நான் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று எனக்கு அவ்வளவு அவசரம். அவள் ஜாடியை மெதுவாக மூடிவைத்தாள். அதற்குப்பிறகு நம் வீட்டுக்கு யார் சாப்பிட வந்தாலும் அதையே சொன்னேன். எத்தனையோ வருஷம், எத்தனையோ பந்தி. உப்பு போட்ட கையாலேயே அவள் பரிமாறினாள், ஒருதடவைகூட மறுத்துப் பேசவில்லை. நீ அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாய். அதே பேச்சைப் பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு பம்பாய்க்குப் போய், ஒரு பெண்ணின் தலையில் வைத்திருக்கிறாய்.

ஆக, தனத்தின் கையில் ஒரு குறையும் இல்லை. உப்பில்லாமல் செய்யச் சொன்னாய், உப்பில்லாமல் செய்தாள். மூன்று தடவை உன் பேச்சை நம்பினாளே, அது அவள் பெருந்தன்மை. உனக்குக் கொழுக்கட்டை தின்னும் ஆசை இருந்தால் உன் கையால் செய். எனக்கு அந்த யோசனை வரவே இருபது வருஷத்துக்குமேல் ஆயிற்று, உனக்கு நான் சும்மாவே தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீயே மார்க்கெட்டுக்குப் போய் இறால் வாங்கு, நீயே உரி. விரல் நுனி எரியும், எரியட்டும். நல்ல தண்ணீரில் அலசி, உப்பும் மஞ்சளும் போட்டு, தண்ணீர் சுண்டுகிறவரை வேகவை. மாவு பிசையும்போதும் ஒரு சிட்டிகை போடு. மூடின இடம் பிளந்துகொண்டு பூரணம் வெளியே வரும், முதல் பத்துத் தடவை வரத்தான் செய்யும். அந்தப் பிளந்த கொழுக்கட்டையை அன்றைக்கு ஓட்டலுக்கு வந்த அதே சிநேகிதர்களைக் கூப்பிட்டுப் போடு. அன்றைக்கு நான் சொன்னது தப்பு, என் பெண்டாட்டி மேல் தப்பில்லை என்று அவர்கள் காதுபடச் சொல். நாலு பேருக்கு முன்னால் தள்ளின தட்டை நாலு பேருக்கு முன்னால்தான் எடுத்து வைக்க வேண்டும். ரகசியமாக வளையல் வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கப் பார்க்காதே. நான் தண்ணீர் சுமந்த லட்சணத்தை இப்போதுதான் சொன்னேன்.

அவள் வருவதற்கு ரயில் சார்ஜ் அவள் பெயருக்கே மணியார்டர் செய்துவிட்டேன். கோபப்படாதே. போகிறதும் இருக்கிறதும் அவள் இஷ்டமாக இருக்கட்டும் என்றுதான். கையில் வழி இருந்தும் ஒருத்தி உன்னோடு இருந்தால்தான் அவள் இருக்கிறாள் என்று அர்த்தம். உன் அம்மாவுக்கு அப்படி ஒரு வழியை யாரும் கொடுக்கவில்லை, அதைத்தான் நான் சம்மதம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். தனம் வந்தால் சென்ட்ரலுக்கு நாங்கள் இரண்டு பேரும் போய் அழைத்துவருவோம். புளியந்தோப்பில் அவள் அப்பாவிடம் என்ன சொல்வது என்பதை அவள் வந்து சொல்லட்டும், அதுவரை நான் வாயைத் திறக்கப் போவதில்லை.

இதுவரை எழுதியதை மத்தியானம் உன் அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்தேன். ஒருவரி விடாமல் படித்தேன், நாய்க்கு வைத்ததையும், ஜாடி திறந்திருந்ததையும். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். என்ன சொல்வாளோ என்று நான் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் எழுதிகீற" என்றாள். "அல்லாத்தையும் அவனுக்குச் சொல்லிட்ட. எனக்கு எப்போ சொல்லப் போற?"

பேனாவைக் கீழே வைத்தேன். சொன்னேன். பத்து வார்த்தைகூட இருக்காது, அதைச் சொல்ல இருபத்தி நாலு வருஷம் ஆயிற்று. என்ன சொன்னேன் என்று உனக்கு எழுத மாட்டேன், அது அவளுக்குச் சொன்னது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி முறத்தை எடுத்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கினேன்.

நீ எனக்குப் பதில் எழுத வேண்டாம். தனத்துக்கும் கடிதம் எழுதாதே. உங்கள் வீடு ஒரே அறை, அவள் நாலு அடி தள்ளி அடுப்பண்டைதான் இருப்பாள். இதை மடித்து வைத்துவிட்டு எழுந்து போ.

உன் நைனா